தாடை திறந்த காலை

நைனா,

எழுத்துக்கூட்டிக்கூடப் படித்தறியாத உங்களுக்கு, அதுவும் கல்லறைக்குப் போன பிறகு, கடிதம் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரில் உட்கார்ந்து பேச அப்போதும் எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

இன்று அலுவலகத்தில் தபால் பைக்கு முத்திரை வைக்க அரக்கு உருக்கினார்கள். அந்த வாசனை எழுந்ததும் மேசையும் கோப்புகளும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மங்கிவிட்டன. பட்டணத்து ஆஸ்பத்திரியின் பல் பிரிவில், வெந்நீர்க் கிண்ணத்தில் டாக்டர் இளக்கிய செம்மெழுகுக்கும் இதே வாசனைதான்.

சுங்குவார்சத்திரத்தில் செங்கல் லாரி மேலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு நீங்கள் பேசவில்லை. பல்லை மட்டும் கடித்தீர்கள். பகலெல்லாம் நறநறவென்று, எங்கோ தொலைவில் யாரோ மணல்மேல் நடந்துகொண்டே இருப்பதுபோல. "வயித்துல பூச்சி கீது, வேப்பங்கொழுந்து அரைச்சி ஊத்து" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. "என் மேல இன்னாய்யா கோவம் உனுக்கு?" என்று உங்கள் தாடையைத் தடவித் தடவிக் கேட்டாள் அம்மா. கடைவாய்ப் பற்கள் தேய்ந்தன. நாக்கு கிழிந்து கஞ்சிகூட இறங்காமல் போனது.

அது பூச்சியும் இல்லை, கோபமும் இல்லை, மூளையில் பட்ட அடி என்றார் டாக்டர். பல்லுக்கு மேல் மாட்ட ஒரு பிளேட் செய்தால் பல்லும் நாக்கும் தப்பும். அதற்கு மெழுகில் பல் அச்சு எடுக்க வேண்டும். நீங்களோ வாய் திறக்கவில்லை.

"ஆ காட்டுங்க பெரியவரே, உங்க வூட்டயா எழுதி வாங்கப் போறேன்?" என்று கெஞ்சினார். மெழுகு இறுகியது. மறுபடி இளக்கினார், மறுபடி இறுகியது. "இன்னொரு தபா பாக்கறேன். முடியலன்னா கூட்டிகினு போயிடுங்கம்மா."

எனக்கு வெள்ளிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. பங்குச் சாமியார் நம் வீட்டுக்கு, அம்மா 'நன்மை' என்று சொல்லும் நற்கருணை அப்பத்தைக் கொண்டுவரும்போது மட்டும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, தானாக வாய் திறப்பீர்கள். கல்லூரியில் வருகைப் பதிவுக்குக்கூட வாய்க்குள்ளேயே பதில் சொன்னவள் நான். அத்தனை பேர் நடுவே உங்கள் முகத்துக்கு நேரே குனிந்து, சாமியாரைப் போலவே சொன்னேன்: "கிறிஸ்துவின் திருவுடல்."

"அடிப்பாவி! சாமியார் சொல்ற வார்த்தைடி அது!" அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

உங்கள் உதடு ஆமென் என்று அசைந்தது. வாய் திறந்தது. டாக்டர் மெழுகை வைத்து அழுத்தினார்.

பிளேட் மாட்டியதும் அந்த ஓசை அடங்கியது. நாக்கு ஆறியது. முதலில் கஞ்சி, பிறகு குழைந்த சோறு, ஒருநாள் முள் எடுத்த ஏரி மீன்கூட. பேச்சு கடைசிவரை வரவில்லை. ஆனாலும் வேப்பமர நிழலில் அம்மா ஊட்ட ஊட்ட நீங்கள் மென்ற அந்த மெல்லிய சத்தத்தை இன்னும் காதில் வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. "மெழுவ குடுத்து நன்மைன்னு ஏமாத்திட்டியேடி அந்த மனுசன" என்பாள். கோயிலில் நற்கருணை வரிசையில் எனக்கும் தனக்கும் நடுவே வேறு யாரையாவது நிற்க விடுகிறாள். அன்று நீங்கள் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டுதான் வாய் திறந்தீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

கேட்கக் கூடாது என்றுதான் இதுவரை தள்ளிக்கொண்டு வந்தேன். சொன்னது உங்கள் மகள், தருவது மெழுகு என்று தெரிந்தேதான் வாய் திறந்தீர்கள் என்றால், அதை அம்மாவின் கனவில் ஒருமுறை வந்து சொல்லிவிடுங்கள், நைனா. என் கனவுக்கு வரவேண்டாம். அவளிடம் போங்கள்.