திருப்பலி மணியும் எங்கள் தெருவின் மின்சாரமும்

அனுப்புநர்:
டி. ஆக்ஸிலியா,
பள்ளி விடுதிச் சமையலர்,
மேல்தெரு, நாயுடுபுரம்,
கொடைக்கானல்.

பெறுநர்:
உதவி மின் பொறியாளர் அவர்கள்,
மின்வாரிய அலுவலகம்,
கொடைக்கானல்.

பொருள்: காலைநேரக் குறைந்த மின்னழுத்தம் – காட்டேஜ் உரிமையாளர்களை அழைத்துப் பேசவும், பெரிய மின்மாற்றி அமைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் டிக்சன் நுரையீரல் நோயாளி. வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் வைத்துத்தான் மூச்சு விடுகிறார். மின்னழுத்தம் குறைந்தால் மிஷின் கத்திவிட்டு நின்றுவிடும். நான் பதறியடித்துச் சிலிண்டரை மாட்டுவதற்குள் அவர் உதடு நீலம் பாரித்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேதனை யாருக்கும் வரக்கூடாது ஐயா.

2. இதற்கு மின்வாரியத்தைக் குறைசொல்ல வரவில்லை. குற்றம் எங்கள் தெருவுடையது. காலைத் திருப்பலிக்கு முதல் மணி அடித்ததும் எல்லா வீட்டிலும் குளிக்க ஹீட்டர் போடுவது எங்கள் வழக்கம். இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் யார் குளிப்பது? அந்த நேரம் பார்த்து மின்சாரம் படுத்துவிடும்.

3. தெருக் குடும்பங்கள் கூடும் ஜெபக்கூட்டத்தில், எல்லாரும் ஒரே நேரத்தில் போடாதீர்கள் என்று கெஞ்சினேன். தலையாட்டினார்கள். மறுநாள் மணிக்கு அரைமணி நேரம் முன்பே அத்தனை வீட்டிலும் ஹீட்டர்! நாம் மட்டும் முந்திக்கொள்வோம் என்று ஒவ்வொரு வீட்டாரும் நினைத்திருக்கிறார்கள். மிஷினும் அரைமணி நேரம் முன்பே நின்றது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

4. எதிர்வீட்டு ஜென்சிதான் வழி கண்டார். தன் வீட்டில் தண்ணீர் காய்ந்ததும் ஹீட்டரை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "எங்க தண்ணி காஞ்சிருச்சுங்க, நீங்க போடுங்க. வெரசா முடிச்சிட்டு அடுத்த வீட்ல சொல்லிருங்க" என்றார். இப்போது தெருவின் இரண்டு முனைகளிலிருந்தும் வெள்ளனே கதவு தட்டல் தொடங்கிவிடுகிறது. வேலித் தகராற்றில் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு வீட்டார்கூட ஒருவர் கதவை ஒருவர் தட்டுகிறார்கள். மிஷின் நிற்பதில்லை.

5. விடுமுறை நாட்களில் மட்டும் பழைய கதைதான். தெருமுனைக் காட்டேஜ்களில் தங்குபவர்கள் எல்லா அறையிலும் ஒன்றாக கீசர் போடுகிறார்கள். அவற்றில் ஒன்றின் உரிமையாளர் ராஜமுருகனிடம் முறையிட்டேன். "தங்க வர்றவங்ககிட்ட குளிக்காதீங்கன்னு எப்பிடிக்கா சொல்ல?" என்றார். நியாயந்தான். ஆனால் வீட்டுக்கு வந்து என் கணவரைப் பார்த்தவர், "ஆபீஸ்ல இருந்து சார் வந்து சொன்னா மத்த ஓனருங்களும் கேப்பாங்கக்கா. நான் ரெடி" என்றார். இம்மனுவில் முதல் கையெழுத்து அவருடையதே.

ஆகவே, எங்கள் தெருவுக்குப் பெரிய மின்மாற்றி அமைத்துத் தர வேண்டுகிறோம்; அது வரும்வரை பொறுத்திருக்கிறோம். அதற்குமுன், வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் காட்டேஜ் உரிமையாளர்களைக் கோயில் முற்றத்தில் கூட்டுகிறோம். தாங்கள் நேரில் வந்து, அறைகளுக்கு முறைவைத்து கீசர் போடும் ஏற்பாட்டை எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். தாங்கள் சொன்னால் எடுபடும்.

கோயில் மணி கேட்டால் சிலுவை அடையாளம் வரைகிற மனிதர் என் கணவர். விடுமுறை நாளில் மணி அடித்தால் இப்போது அவர் கை மிஷினைத்தான் தொட்டுப் பார்க்கிறது. இந்தக் கிறிஸ்துமஸ் மணிக்கு அந்தக் கை நெற்றிக்குப் போகவேண்டும் ஐயா.

இடம்: நாயுடுபுரம்
நாள்: 02.12.2024

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
டி. ஆக்ஸிலியா
(தெருவாசிகள் கையொப்பம் பின்பக்கத்தில்)