வரிசையில் நின்ற வெள்ளம்

செப்டம்பர் 4
ஆற்று மட்டத்தை அளந்து அனுப்பும் பெட்டிக்கு நிரல் எழுதியது நான். மதகு அறையில் அந்த அளவைப் பார்த்து மதகைத் திறப்பது என் வீட்டுக்காரர். இன்று மழை வலுத்ததும் பெட்டி நொடிக்கு நொடி அளந்து தள்ளியிருக்கிறது. அங்கே சிக்னலோ நூல் மாதிரி. அளவுகள் உள்ளேயே வரிசைகட்டி நின்றுவிட்டன.

இவர் போன் செய்தார். "உன் திரை நாலு அடிங்குது. ஜன்னல்ல பாத்தா ஆத்துத் தண்ணி படியேறி வருது. எதை நம்பட்டும்?"

"ஜன்னலை நம்புங்க."

இவர் மதகைத் திறப்பதற்குள் கரையோரத் தெருவில் தண்ணீர் வாசல்வரை வந்து திரும்பியது. நல்லவேளை.

செப்டம்பர் 5
திரை பொய் சொல்லவில்லை. அரைமணிக்கு முந்தைய உண்மையைச் சொன்னது.

செப்டம்பர் 8
மேலாளர், "மெமரியைக் கூட்டி வரிசையைப் பெருசாக்கிடுங்க" என்றார். குழாய் ஒடுங்கிக் கிடக்கும்போது தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன்? சொன்னேன்.

"அப்ப பழசைத் தூக்கிப் போடுவீங்களா? ஆத்தோட வருஷக் கணக்கைப் பாக்குற ஆய்வுக்காரங்களுக்கு ஒரு அளவுகூட குறையக்கூடாது."

கோபம்தான் வந்தது.

செப்டம்பர் 9
நாலாம் தேதி நடந்ததற்கு இவர் என்னைக் குறை சொல்லவில்லை; வழக்கம்போல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 11
பாத்திரம் கழுவிக்கொண்டே நானே கேட்டேன். "உங்களுக்கு எல்லா அளவும் வேணுமா?"

"எனக்கெதுக்கு? இப்ப எவ்வளவு, ஏறுதா இறங்குதா — அது போதும்."

இவருக்கு அவசரம். ஆய்வுக்காரர்களுக்கு அவசரமே இல்லை, ஒன்றும் விட்டுப்போகக்கூடாது, அவ்வளவுதான். பிறகு ஏன் இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறேன்?

செப்டம்பர் 15
மாற்றியாயிற்று. அனுப்பியது போய்ச் சேர்ந்ததென்று பதில் வந்தபிறகே பெட்டி அடுத்ததை அனுப்பும்; அதுவும் அந்த நொடியின் அளவை. இடையில் அளந்ததெல்லாம் பெட்டியிலேயே தங்கி, லைன் காலியானதும் ஆய்வுக்காரர்களுக்கு மெல்லப் போகும். புதிய அளவு வராவிட்டால் திரையில் எண் அழிந்து 'தெரியவில்லை' என்று வரும்.

மேலாளர் முகம் சுளித்தார். "தெரியலைன்னு காட்டினா நம்ம மானம் போகாதா?"

"போனா போகட்டும் சார். ஊர் போறதுக்கு அது தேவலை."

செப்டம்பர் 22
காலையிலிருந்து அடைமழை. அலுவலகத்தில் இருப்புக்கொள்ளாமல் மதகு அறைக்கே போய்விட்டேன். எண்கள் விட்டுவிட்டுத்தான் வந்தன. வந்த ஒவ்வொன்றும் புதிது. ஒருமுறை 'தெரியவில்லை' வந்தது. இவர் குடையோடு இறங்கிப் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எண் திரும்பியது. மதகைத் திறந்தார்.

செப்டம்பர் 23
கரையோரத் தெருவுக்குப் பால் வாங்கப் போனேன். தரை ஈரம், வேறொன்றுமில்லை. "நேத்து மழை சும்மா சத்தம் போட்டுட்டுப் போயிடுச்சு" என்றார் கடைக்காரம்மா.

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.