ஜீப்பைக் கழுவாத மூன்று வாரம்

ஸ்ரீரங்கம்,
9.2.2025

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், பெர்த்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது, நேற்று சொல்லச் சொல்லக் கேட்காமல் மாடிக்கு ஏறித் துணி காயப்போட்டு வந்தாள். உன் சித்தப்பா சிவசங்கர் மன்னார்புரத்தில் வீடு பார்த்துக் குடிபோய்விட்டார், பால் காய்ச்ச நான் போகவில்லை, அம்மாவை மட்டும் அனுப்பினேன். நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போக இப்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் போனில் நீ சிரித்துக்கொண்டே கேட்டாய், அப்பா, பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்று வாங்கிவிட்டேன், சுரங்க வேலைக்குச் செம்மண் பாதையில் போய் வருகிறேன், எத்தனை நாளுக்கு ஒரு தரம் கழுவ வேண்டும் என்று. நான் பதில் சொல்லாமல் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை, வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தார் ரோட்டில் மட்டும் ஓடினால் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் போதும். மண்ணிலோ சேற்றிலோ இறங்கினால் நாள் கணக்கே கிடையாது, அன்றைக்கே, மண் காய்ந்து இறுகுவதற்குள் கழுவிவிட வேண்டும். கடற்கரைப் பக்கம் ஓட்டினாலும் அப்படித்தான், உப்பு இரும்பைத் தின்றுவிடும். மேலே பளபளவென்று துடைப்பதெல்லாம் பார்ப்பவர்களுக்காக. அடிப்பக்கம், சக்கரத்தின் உள்பக்கம், பின் ஆக்ஸில் மேல் போகும் பிரேக் பைப், அங்கே தண்ணீர் போக வேண்டும். காய்ந்த பிறகு குனிந்து எங்காவது ஆயில் ஈரம் தெரிகிறதா என்று பார், கழுவுவதே அதைப் பார்ப்பதற்காகத்தான்.

இதெல்லாம் தெரிந்தவன்தான் உன் அப்பா, இருபத்திரண்டு வருஷம் பச்சைமலைக்கு ஆள் ஏற்றி இறக்கியவன். ஐப்பசியில் ஜீப் கவிழ்ந்ததைப் பற்றி உன்னிடம் சொன்னபோது பிரேக் திடீரென்று போய்விட்டது என்றேன். திடீரென்று இல்லை தர்ஷினி. மூன்று வாரம் விடாத மழை, ஒரு நாள்கூட நான் வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விடவில்லை. அடி முழுக்கச் செம்மண் அப்பி, காய்ந்து, மறுபடி அப்பிக் கிடந்தது. கடைசி இரண்டு நாள் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பிக்கொண்டு ஓட்டினேன், குனிந்து பார்க்கவில்லை.

அன்றைக்குக் காலையில் இருளாயி சீத்தாப்பழக் கூடையோடு ஏறினாள், துறையூர் பஸ் ஸ்டாண்டில் பழம் விற்பவள், எத்தனையோ வருஷமாக என் வண்டியில்தான் வருவாள். "அண்ணே, மெதுவாவே போங்க, பழம் நசுங்கிடும்" என்றாள். இறக்கத்தில் மூன்றாவது வளைவில் பெடல் தரையோடு போய்விட்டது. கியரைக் குறைத்தேன், மலைப்பக்கமாக உரசி நிறுத்தப் பார்த்தேன், வண்டி சாய்ந்துவிட்டது. மற்ற நான்கு பேருக்கும் கை காலில் காயம் பட்டதோடு போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த இருளாயி அடியில் மாட்டிக்கொண்டாள், நாங்கள் தூக்கி எடுக்கும்போது உயிர் இல்லை.

போலீஸிடமிருந்து வண்டி திரும்பி வந்ததும் மெக்கானிக் டோனி பைப்பைச் சுற்றி இருந்த மண்ணை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிக் கையில் வைத்துக் காட்டினான். ஆயில் ஊறிக் கறுத்திருந்தது. "அண்ணே, இது இன்னைக்கு நேத்து ஒழுகினது இல்ல, இத்தனை நாளா மண்ணு குடிச்சிருக்கு" என்றான். அதற்கு முன்பே, காரியத்தன்று, இருளாயியின் புருஷன் அடைக்கலம் என் கையைப் பிடித்து, வண்டி பழசு, நீங்க என்ன பண்ணுவீங்க என்று எனக்கே ஆறுதல் சொல்லியிருந்தான். டோனி காட்டிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கல் கழிந்ததும் பஸ் ஏறிப் போய் அடைக்கலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "கழுவியிருந்தா தெரிஞ்சிருக்குமா?" என்று மட்டும் கேட்டான். தெரிஞ்சிருக்கும் என்றேன். "இனிமே இங்க வராதீங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டான்.

அடுத்த மாதம் கேஸ் வருகிறது. பைப் பழசு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், லேசாக முடிந்துவிடும் என்கிறார் வக்கீல். பெடல் இறங்கியது எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லப்போகிறேன் என்றேன், என்ன ஆனாலும் ஆகட்டும். நீ பதறிப்போய் டிக்கெட் போட்டுவிடாதே, வேலை முக்கியம். அப்போது அம்மாவுக்காக ஆஸ்பத்திரிக்கு அலைந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று நீயும் நினைக்கக் கூடாது. அந்த மூன்று வாரமும் வண்டி ஓட்ட எனக்கு நேரம் இருந்தது.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் ரெங்கநாதர் பார்த்துக்கொள்வார், நீ நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குத் தூங்கு, வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இதையெல்லாம் அம்மாவிடமும் நானே சொல்லியிருப்பேன். போனில் அவள் குரல் ஒரு மாதிரி இருந்தால் என்னவென்று கேட்காதே, அவளாகப் பேச்சை எடுக்கும்வரை வேறு ஏதாவது பேசிக்கொண்டிரு.

உன் அப்பா,
அழகிரி