முன் சீட்டில் ஒரு பச்சைத் துண்டு

சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று மத்தியானம் பெரியநாயக்கன்பாளையத்தில், உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் மருமகளாகிய என் மகள், ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தாள். மற்ற ஆண்களுக்கு அந்த வாசம் வந்தால் என்றோ பார்த்த ஒரு பெண்முகம் ஞாபகம் வருமாம். எனக்கு வழுக்கைத் தலையும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக நீங்கள் வந்து நின்றீர்கள். அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

காப்பி ஆறிப்போனது. சர்க்கரை பத்தலையா என்று மகள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்ட நாளை நான் உடுமலையில் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்து, இப்போது எங்கள் பக்கத்திலிருந்து நாற்பது கார்கள் வருகின்றன, வழியெல்லாம் போலீஸ் நின்று சல்யூட் அடிக்கிறது. நிஜத்தில் ஒரே வேனில் ஒன்பது பேர் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தோம். பெண்ணின் அப்பா என்பதால் வேட்டி கசங்காமல், வாய் திறக்காமல், தேங்காய் மண்டிகளின் சக்கரவர்த்தி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எங்கூட்டு அம்மணி எனக்கு உத்தரவு போட்டிருந்தாள். அரைமணி நேரம் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் உங்கள் கண்ணாடி அலமாரி கண்ணில் பட்டது. உள்ளே விரல் நீளத்தில் பொம்மைக் கார்கள் வரிசையாக நின்றன. எழுந்து போய் ஒன்றை எடுத்து, நேரே அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

என் மச்சினர் இருமினார்.

பொம்மைக் காரைக் கையில் எடுக்கிற எவனும் முதலில் நிறத்தைப் பார்ப்பான், சக்கரத்தை உருட்டுவான். அடியைத் திருப்பிப் பார்க்கிறவன் ஒரே ரகம்தான். கம்பெனியில் அடித்த ரிவிட்டை டிரில் போட்டு எடுத்து, பாடியைக் கழற்றி, பெயிண்டை உரித்து, தனக்குப் பிடித்த நிறம் அடித்து, வேறு சக்கரம் மாட்டி, மறுபடி மூடி வைக்கிற கிறுக்கர்கள் ரகம். உங்கள் காரில் ரிவிட்டு இருந்த இடத்தில் எறும்புத் தலையளவு திருகாணி இருந்தது.

நீங்கள் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"எத்தன வருசமாங்க இந்தப் பழக்கம்?" என்றீர்கள், குடிகாரனை விசாரிக்கிற டாக்டர் குரலில்.

"பதினாலு வருசமாச்சுங்க," என்றேன், குடிகாரன் குரலில்.

ஜாதகம் பொருந்தியதால்தான் அந்தக் கல்யாணம் நடந்தது என்று நம் வீட்டுப் பெண்கள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செதுக்கியே முடி கொட்டியவர் நீங்கள். நீங்கள் செதுக்கிய அச்சில்தான் பம்புசெட்டு வார்ப்பார்கள். அச்சு ஒரு மயிரிழை தப்பினால் ஆயிரம் பம்பு தப்பும். அதனால் மூன்று விரல் நீளக் காரையும் வெர்னியர் வைத்து அளந்துதான் தொடுவீர்கள். நான் தேங்காயைத் தட்டிப் பார்த்தே விலை சொல்கிற ஆள். எனக்கு எல்லாமே கண்திட்டம், கைத்திட்டம், மிச்சம் வாய்த்திட்டம்.

வாய்த்திட்டம் என்று சும்மா சொல்லவில்லை. பெயிண்ட் வழிந்துவிட்டால், இது மழையில் நனைகிற கார் என்பேன். ஈரத்தில் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டால் பாலைவனத்து மணல் அலை என்பேன். சக்கரம் கோணிக்கொண்டால் வளைவில் திரும்புகிற பாவனை. என்னுடைய பழனிமலைத் தீச்சுடர் என்கிற சிவப்புக் காரைப் பார்த்துவிட்டு, இது ரோட்டில் போனால் பின்னாலேயே ஆம்புலன்சும் வரவேண்டும் என்றீர்கள். இன்னொரு நாள் ஒரேயடியாகத் தீர்ப்பே எழுதிவிட்டீர்கள்: "தப்புக்குப் பேரு வெக்கறதுல உங்கள அடிச்சுக்க இந்த ஜில்லாவுல ஆளில்லீங்க."

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பட்டயம் எழுதித் தந்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

அப்புறம் அந்த அம்பாசிடர் வந்தது. ஒரு காலத்தில் உங்களிடம் நிஜமாகவே கிரீம் நிற அம்பாசிடர் ஒன்று இருந்ததையும், பட்டறைக்கு இரண்டாவது லேத் வாங்குவதற்காக அதை விற்றதையும் நீங்கள் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னீர்கள். விற்ற அன்று சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். அப்புறம் பல வருசத்துக்கு, பஸ்ஸில் போகும்போது கிரீம் நிறக் கார் எதிரே வந்தால் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாராம். அந்தக் காரைச் சின்னதாகச் செய்து அவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. சரியான அம்பாசிடர் பொம்மை கிடைக்காமல், ஏறக்குறைய அதே உருவில் இருந்த ஒரு பழைய வெளிநாட்டு மாடலை வாங்கினோம். அதன் மூக்கை அறுத்தோம், முதுகுக்குப் பட்டி வைத்தோம், அரத்தில் தேய்த்தோம். எட்டு மாதம் ஆயிற்று. தாஜ்மகாலைச் சீக்கிரம் முடித்திருப்பார்கள்.

கடைசியில் உள்ளலங்காரம். வெயிலில் ரெக்சின் சுடும் என்று சம்பந்தியம்மா எப்போதும் முன் சீட்டில் பச்சைத் துண்டை விரித்துத்தான் உட்காருவாராம். டிஷ்யூ பேப்பரில் நகத்தளவு துண்டு வெட்டியாயிற்று. அந்தப் பச்சை மட்டும் எந்தப் பெயிண்டிலும் இல்லை. ஆகவே நூற்றிருபத்தாறு வயதை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்ட நாம் இருவரும் காந்திபுரத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைந்து, பச்சை நெயில் பாலிஷ் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டச் சொன்னோம். யாருக்குங்க என்று கடைப்பெண் கேட்டாள். எனக்குத்தான் என்று நான் சொல்ல, அவள் கொஞ்சமும் அசராமல் என் கையைப் பிடித்துப் பார்த்து, உங்க கலருக்கு எடுக்காதுங்க என்றாள். நீங்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தில் பூசிப் பூசி மூன்றாவது பாட்டிலைத் தேர்ந்தெடுத்தீர்கள். அன்று சாயங்காலமே ஒரு எழவு வீட்டுக்குப் போக வேண்டி வந்து, கும்பிட்ட கையில் பச்சை நகத்தோடு நீங்கள் நின்ற கோலத்தை எண்ணி நான் ஒரு வாரம் தனியாகச் சிரித்தேன்.

அதற்கப்புறம் சிரிப்பு குறைந்தது. உங்கள் இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்றார் டாக்டர். மாதக்கணக்கில் இல்லை, வாரக்கணக்கில் என்று உங்கள் மகனிடம் தனியாகச் சொன்னதை, நீங்கள் எப்படியோ தெரிந்துகொண்டீர்கள். கை நடுங்க ஆரம்பித்தது. துண்டை மட்டும் நீங்களே சீட்டில் ஒட்டினீர்கள். அதற்கே ஒரு காலைநேரம் முழுக்க ஆனது. கண்ணாடி பொருத்தி மூடுகிற வேலை பாக்கி. பெட்டியை என்னிடம் நீட்டினீர்கள். குயிக் பசையைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, வெள்ளைப் பசை வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும், அடித்தகட்டுக்குத் திருகாணிதான், பசை கூடாது என்று மூன்று தடவை சொன்னீர்கள்.

நான் உடுமலைக்குப் போய் என்ன செய்தேன்? வெள்ளைப் பசை காயக் காத்திருக்கப் பொறுமையில்லை. சீக்கிரம் முடித்து உங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும், நாள் போகிறதே என்ற பயம் வேறு. குயிக் பசையில் கண்ணாடியை ஒட்டினேன். திருகாணி ஒன்று உருண்டு போய்விட்டது. அடித்தகட்டையும் அதே பசையால் மூடினேன். காலையில் பார்த்தால் கண்ணாடி நாலு பக்கமும் வெளுத்திருந்தது. பசையின் ஆவி உள்ளேயே சுற்றிப் படிந்துவிட்டது. பச்சைத் துண்டும் தெரியவில்லை, சீட்டும் தெரியவில்லை. உள்பக்கம் துணி விட்டுத் துடைக்கவும் வழியில்லை. நானே ஒட்டி மூடியிருந்தேன்.

வண்டியில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். உங்கள் கட்டிலருகே நின்று ஆரம்பித்தேன். இது மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறுகிற அம்பாசிடர். குன்னூர் வளைவில் மேகம் இறங்கிவிட்டது. எதிரே வருகிற யானைகூடத் தெரியவில்லை. கண்ணாடியில் பனி. இந்தப் பனியை வரவழைக்க நான் பட்ட பாடு ஈரேழு லோகத்தில் எவனும் பட்டதில்லை. நன்றாகத்தான் சொன்னேன், சம்பந்தி. என் வாழ்க்கையிலேயே சிறந்த அளப்பு அது.

நீங்கள் சிரிக்கவில்லை. காரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நாலு பக்கமும் பார்த்தீர்கள்.

"இது பனி இல்லீங்க. பசை," என்றீர்கள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் போனதுக்கப்புறம் அவ இதுக்குள்ள பார்ப்பா. உள்ள தெரியோணும். கதை சொல்லி அவகிட்டக் குடுக்காதீங்க. பிரிங்க," என்றீர்கள்.

பிரித்தால் பாடி நசுங்கலாம், எட்டு மாத உழைப்பு போய்விடும் என்றேன். அடித்தகட்டையும் ஒட்டிவிட்டதை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். நீங்கள் கோபப்படவில்லை. தலையணைக்கடியில் இருந்த பிளேடை எடுத்து என்னிடம் கொடுத்தீர்கள்.

சம்பந்தியம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒன்றரை மணி நேரத்தில் அதைச் செய்தோம். நீங்கள் இரண்டு கையாலும் காரைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் கை நடுங்க, அதோடு சேர்ந்து நடுங்கியபடியே என் பிளேடு போயிற்று. என் வாயிலிருந்து அவ்வளவு நேரம் ஒரு வார்த்தை வரவில்லை. உங்கள் மருமகள் எட்டிப் பார்த்து, எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று உங்களிடம் கேட்டாள். தகடு பிரிந்தபோது இடது மட்கார்டில் நெல்மணியளவு பெயிண்ட் பெயர்ந்து விழுந்தது. வெளுத்த கண்ணாடியை வெறுமனே நெம்பி எடுத்துவிட்டு, பொம்மைக் கார் அடைத்து வருகிற பிளாஸ்டிக் கூட்டை வெட்டி, நீங்கள் அளவு சொல்லச் சொல்ல நான் புதுக் கண்ணாடி வைத்தேன். வெள்ளைப் பசை. மேசைமேல் வைத்து, நாளை இந்நேரம் வரை யாரும் தொடக்கூடாது என்று நானே காவல் உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தீர்கள். தெரியுதுங்க என்றீர்கள். அப்புறம் மட்கார்டைத் தடவிவிட்டு, இது யார் பண்ணியதென்று அவளிடம் சொல்லிவிடுவேன் என்றீர்கள். சொல்லியும்விட்டீர்கள். "முன்னால இருக்கற அடி சம்பந்தி போட்டதுங்க அம்மணி, மத்ததெல்லாம் நான்" என்று சொல்லித்தான் காரைச் சம்பந்தியம்மா உள்ளங்கையில் வைத்தீர்கள்.

அவர் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. நேரே கண்ணாடிக்குள்தான் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங்க, என்ற துண்டுக்கு முன்னால ஸ்டியரிங்கு இருக்குதே," என்றார்.

நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெளிநாட்டு மாடல். அங்கே ஓட்டுகிறவன் இடது பக்கம் உட்காருகிறான். மூக்கை அறுத்தோம், முதுகை நிமிர்த்தினோம், பம்பரை ஏழு தடவை அளந்தோம். கறுப்பு டேஷ்போர்டில் கடுகளவாக நின்ற அந்தக் கறுப்பு வளையம் மட்டும் எட்டு மாதமாக நம் நாலு கண்ணிலும் படவில்லை. எனக்கு எதுவுமே கண்ணில் படாது, அது வேறு. உங்களுக்கு ஏன் படவில்லை என்பதைத்தான் அப்புறம் பலநாள் யோசித்தேன். அந்தச் சீட்டில் அவர் உட்கார்ந்திருப்பதை மட்டும்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது.

நீங்கள் மாற்றித் தருவதாக ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். அவர் விடவில்லை.

"இருக்கட்டுமுங்க. இத்தன வருசம் நாந்தான் ஓட்டுனேன்னு இப்பவாச்சும் ஒத்துக்கிட்டீங்களே."

நீங்கள் சிரித்தீர்கள். அது இருமலாகி, மருமகள் தண்ணீர் கொண்டு ஓடிவந்து, சம்பந்தியம்மா முதுகைத் தடவிவிட்ட பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. அந்தக் கண்ணாடியில் என்னுடைய பனி இருந்திருந்தால் உள்ளே யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. தப்பும் தெரிந்திருக்காது, நீங்கள் அப்படிச் சிரித்திருக்கவும் மாட்டீர்கள்.

அதற்கப்புறம் பத்தொன்பது நாள் இருந்தீர்கள்.

கார் இப்போது சம்பந்தியம்மாவிடம்தான். மட்கார்டுக்கு மட்டுமாவது பெயிண்ட் தொட்டு வைக்கிறேன் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். தேங்காய் வியாபாரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

இந்தச் சம்பவத்தை மண்டியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பசையைப் போட்டது நான், மறைக்கப் பார்த்தது நான், பிரிக்கச் சொன்னது நீங்கள், கண்டுபிடித்தது அவர் என்று நடந்தது நடந்தபடி. ஒருவரும் நம்பவில்லை. வெர்னியர் வைத்து அளக்கிற மனுசன் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் விடுவாரா, சும்மா கதை விடாதீங்க என்கிறார்கள். அமராவதி அணையில் ஒரு முதலை என்னைக் கண்டு கரையேறி வணங்கியதை மறுபேச்சில்லாமல் நம்பிய ஜனம் இது.

நடுவில் ஒரு யானையையோ புயலையோ சேர்த்தால் உடனே நம்பிவிடுவார்கள். நாக்கு துறுதுறுக்கத்தான் செய்கிறது. சேர்க்க மாட்டேன், சம்பந்தி.