எண்ணெய்த் துணி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், அதைக் கேட்காதே.

ஓவிய ஆசிரியர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். அதிகாரி முன்னால் பாடம் நடத்திக் காட்டியதில்தான் ஒரு சின்ன இடறல். பாதிப் பாடத்தில் திரும்பிப் பார்த்தால், வண்ணம் குழைக்கிற ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணிகளை யாரோ கசக்கி அட்டைப்பெட்டியில் திணித்திருக்கிறார்கள். அவை அப்படிக் குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பாடத்தை நிறுத்தி, அத்தனையையும் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடினேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

"பாடத்தை முடிக்கலையேம்மா," என்றார் அதிகாரி.

"பிள்ளைங்க முழுசா வீட்டுக்குப் போறதும் பாடந்தான் சார்."

மதிப்பெண்ணைக் குறைத்து, தேறவில்லை என்று எழுதிவிட்டார். மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாமாம். கேட்கமாட்டேன். மறுபடி பாடம் நடத்திக் காட்டுவேன். அந்தப் பெட்டி அங்கே இருந்தால் மறுபடியும் நிறுத்துவேன். "பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்கிறா" என்பார் அப்பா. சொல்லட்டும். நான் வரைகிற முயலுக்கு நாலு கால்தான். ஊருக்குத் திரும்பி வா என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

பிரஷ் துடைக்க இங்கே நல்ல துணி கிடைப்பதில்லை. உன் பழைய நூல்புடவை ஒன்றை அனுப்பு. பஸ் வருகிறது, முடிக்கிறேன்.

உன் மூத்தவள்

பி.கு.: புடவையைத் துவைக்காதே. நீ உடுத்திக் களைந்தபடியே அனுப்பு.