வலை அறுத்த படகிலிருந்து விழுந்தவன்

நவ. 11, திங்கள்
விடியலிலிருந்து தூறல். வாடை பலம். நெடுந்தீவுக்கு வடக்கே விட்ட வலையைத் தூக்கப் போனோம், நானும் என் மனைவி ஜெசியின் தம்பி அருளும். வலை இல்லை. நாலைந்து மிதவைகள், அறுந்த கயிறு. இந்திய இழுவைப் படகுகள் அரைத்துக்கொண்டு போயிருக்கின்றன. இந்த வருடம் இரண்டாம் முறை.
"இனி என்ன செய்யிறது?" என்றாள் ஜெசி. அவள் மேல் கத்தினேன். மனைவி மேல் கத்தினால் வலை வருமா?

நவ. 13, புதன்
மழை விட்டது. இரவல் வலை. மீன் சொற்பம். திரும்பும்போது, மஞ்சள் பிளாஸ்டிக் கலன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி ஒருவன் மிதந்தான்.
"உவன் அந்த இழுவைக்காரங்கடை ஆள், அத்தான். விடுங்கோ, நேவி வந்து பொறுக்கட்டும்," என்றான் அருள்.
விட்டேன். இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். தாண்டிப் போனேன்.
பின்னால் "அண்ணே" என்று ஒரு சத்தம். ஒரு தரம்தான். படகைத் திருப்பினேன். இரக்கம் என்று சொல்ல மாட்டேன். நெஞ்சு முழுக்க ஆத்திரம்.
ஏற்றியதும் கேட்டேன்: "எந்தப் படகிலை வந்தனீ?"
"இழுவைப் படகுதாண்ணே. கூலிக்கு வந்தேன். நேவியப் பாத்துட்டு சட்டுனு திருப்புனாங்க. நான் விழுந்தது தெரியும். நிக்கல."
அடிக்கக் கை ஓங்கினேன். அவன் தடுக்கக்கூட இல்லை. கலனைப் பிடித்த மாதிரியே விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. தேத்தண்ணியை நானே பருக்க வேண்டியிருந்தது. அதில் இன்னும் கோபம்.
பெயர் முனியசாமி.
கரையில் சனம். "வலையை அறுத்தவனுக்குச் சோறும் சாரமுமோ?" ஜெசி அவனுக்கு இடுப்பில் கட்டக் கொடுத்தது என் புதுச் சாரம். பிறகு பொலிஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

நவ. 17, ஞாயிறு
வெயில். காலைப் பூசை. பிரசங்கம்: கள்ளர் அடித்து வழியில் போட்டவனைத் தூக்கிய நல்ல சமாரியன். பங்குச் சுவாமி என் பெயரைச் சொன்னார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அருள் எழும்பி வெளியே போய்விட்டான்.
பூசை முடிய நேரே போய்ச் சொன்னேன்: "நான் முதல்லை தாண்டிப் போனனான், சுவாமி. அதையும் சொல்லியிருக்கலாம். வேதத்திலை அடிபட்டுக் கிடந்தவன் பாவம், ஒண்டும் செய்யேல்லை. அவனே கள்ளரோடை வந்தவன் எண்டால்?"
"அப்பவும் அவன் வழியிலைதானே கிடக்கிறான்," என்றார்.
அவருக்கென்ன. அவர் வலை போடுகிறவரா?
வீட்டுக்கு வந்து பார்த்தால் காலில் வேறு யாருடையதோ செருப்பு.

நவ. 19, செவ்வாய்
திரும்பவும் தூறல். இழுவைக்காரர் வந்துபோயிருக்கிறார்கள். இந்த முறை அருளின் வலை. கிழிசலை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான்.
"இண்டைக்கு ஒருத்தன் மிதந்து வந்தால், அத்தான்?"
"ஏத்துவன். அடிப்பன்."
"எது முதல்?"
"ஏத்திறதுதான்."
காறித் துப்பிவிட்டு இயந்திரத்தை முடுக்கினான். அவன் ஒரு பக்கம், நான் மறுபக்கம், தண்ணீரில் யாரும் மிதக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு வந்தோம்.