ஏறுன கியர்லதான் எறங்கணும்

2025 ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் நாள். விடாத சாரல். நாலாம் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள், மூன்று பேருக்குக் குடை இல்லை. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் ரிஜினின் கார் நிற்கிறது. துபாய்க்குப் போகிறவன் அதை எர்ணாகுளத்திலேயே விற்றுவிட்டுப் போயிருக்கலாம். "அப்பாவ கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நல்ல வண்டி வேணும்மா" என்று கூட்டாளியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான். பாசக்காரப் பிள்ளை. ஆனால் கிளட்ச் இல்லாத வண்டியை நான் எந்தக் காலத்தில் ஓட்டினேன்?

ஒன்பது வருடம் நான் ஓட்டி, இப்போது எஞ்சின் போய்க் கிடக்கும் சின்ன வண்டியில் கியர் கம்பியின் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் இருக்கும். பிள்ளைகள்கூடப் படித்துவிடும். இதில் பி, ஆர், என், டி. பக்கத்தில் திருகுகிற வட்டம் ஒன்று: ஈக்கோ, நார்மல், ஸ்போர்ட். அதற்குக் கீழே மூன்று படம்: பனிப்பூ, சேறு, மணல். உடும்பஞ்சோலையில் மணலுக்கு எங்கே போவது? வீடு கட்டுகிறவனே கீழேயிருந்து லாரியில் இறக்குகிறான்.

இவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றித் தடவிப் பார்த்தார். "டயர் நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 5, வியாழன்

திருகு வட்டத்தை ஈக்கோவில் வைத்து அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். "டீசல் கம்மியா குடிக்கும். ஸ்போர்ட்டுங்கறது பயலுக ஓட்டுறது, அதத் தொடாத."

ஜூன் 14, சனி

முதல் ஊசி போட்டாயிற்று. கண்ணுக்குள்ளேயே ஊசி. சர்க்கரை வலது கண்ணைத் தின்றுவிட்டது. மாதம் ஒன்றாக மூன்று ஊசி, நடுவில் விட்டால் போன பார்வை திரும்பாது, இடது கண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை என்று தேனி டாக்டர் தெளிவாகச் சொன்னார். எனக்குத்தான் சொன்னார். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேனிக்கு இறங்கும் போடிமெட்டுப் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. அதில்தான் இருபத்தெட்டு வருடம் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றி ஜீப் ஓட்டினார். ஒரு கீறல் கிடையாது. ஏப்ரலில் டாக்டர் ஓட்டக் கூடாது என்றார், மே மாதம் ஜீப்பை விற்றோம். ஊரில் எல்லாருக்கும் அவர் 'ஜீப்பு ஏசுதாஸ்'. ஜீப் இல்லாமல் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வார், பாவம்.

பாவம் என்று எழுதிவிட்டேன். ஆனால் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தால்தான் தெரியும். "ஹாரன் அடி. வளைவுக்கு வளைவு ஹாரன் அடி. இப்ப ஏன் பிரேக்கு? இப்ப ஏன் பிரேக்கப் பிடிக்கல?" அவருடைய வலது கால் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறது. தரையில் கிடக்கும் ரப்பர் மேட் பத்தே நாளில் அந்த இடத்தில் மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது.

திரும்பி ஏறும்போது வேறு கூத்து. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி 'என்ன டீச்சர் சொன்னீங்க?' என்று பின்பெஞ்சுப் பையன் மாதிரி யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. பின்னால் காய்கறி லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போகும்போது முகம் தெரியாத மூடுபனி. இவர் பனிப்பூப் படத்தை அமுக்கச் சொன்னார். "இந்த ஊருக்குன்னே வச்சிருக்கான் பாரு." அமுக்கினேன். பனி அப்படியே நின்றது. வண்டிதான் இன்னும் மந்தமாயிற்று. வாசகம் முடிந்தபிறகு கோவிலுக்குள் நுழைந்தோம், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூலை 12, சனி

எழுதிவைத்தால்தான் தூக்கம் வரும்.

இரண்டாவது ஊசி. எட்டு மணிக்கு மெட்டுச் செக்போஸ்டைத் தாண்டினோம். மழை இல்லை, சாலை நன்றாகக் காய்ந்திருந்தது. டி-யில் போட்டு, ஈக்கோவில் வைத்து, பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். வேறு என்ன செய்வது? வண்டி தன்பாட்டுக்கு ஓடுகிறது. காலை எடுத்தால் இழுத்துக்கொண்டு போகிறது. ஒன்பதாவது வளைவில் ஒரு வாடை, ரப்பர் எரிகிற மாதிரி. இவருக்கு என்னைவிட முன்னாலேயே மூக்கில் ஏறிவிட்டது.

"பிரேக்கு காயுது. ரெண்டுல போடு."

"ரெண்டு எங்கங்க இருக்கு?"

"ரெண்டுல போடுடி."

"எங்க இருக்குன்னு சொல்லுங்க. டி தான் இருக்கு."

அவருக்கும் தெரியவில்லை. வலது பக்கம் கண் தெரியாமல் கையை நீட்டிக் கம்பியைத் தேடுகிறார், என் கையைப் பிடிக்கிறார், நான் தட்டிவிடுகிறேன். பதினோராவது வளைவில் பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. சேசுவே. இரண்டு காலாலும் மிதித்து, கை பிரேக் பொத்தானை இழுத்துப் பிடித்து, மலைப் பக்கச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். முன்சக்கரம் இரண்டிலும் புகை.

முக்கால் மணி நேரம் நின்றோம். அதற்குள் மேலே ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் இவருக்குத் தெரிந்தவர்கள், பாதிப் பேர் இவரிடம் ஓட்டப் படித்தவர்கள். ஒவ்வொருவனும் நிறுத்தி, "என்னண்ணே, பிரேக்கா?" என்று கேட்டான். கெடுதலாகக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் இவர் குனிந்து, நன்றாயிருக்கும் டயரையே தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு ஜீப்புக்காரர்கள் சொன்னபடி பிரேக் ஆறியதும் ஊர்ந்து இறங்கி, மத்தியானம் ஊசி போட்டோம். சாயந்திரம் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் இவர் வாயைத் திறந்தார். "ஏறுன கியர்லதான் எறங்கணும். அதுகூடத் தெரியாம என்ன லைசென்சு."

அவருக்கு மட்டும் தெரிந்ததா? ரெண்டு எங்கேன்னு கேட்டனே, சொல்ல வேண்டியதுதானே. பிளாஸ்திரிய ஒட்டுனது யாரு?

ஜூலை 13, ஞாயிறு

இனி அந்த வண்டியில் ஏற மாட்டாராம். கோவில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் செபமாலையம்மாள் வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறார்.

ஜூலை 19, சனி

சர்வீஸ் சென்டர். முன்பக்க பிரேக் கட்டையை மாற்றினார்கள். மேற்பார்வைப் பெண் ஜிஸ்மி, நல்ல சிரிப்பு, கையில் டேப்லெட். இறக்கத்தில் எதில் வைத்து ஓட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"மேடம், டி-ல போட்டாப் போதும், எல்லாம் வண்டியே பாத்துக்கும்."

"பாத்துக்கலயேம்மா. புகை வந்துச்சே."

"மைலேஜுக்கு ஈக்கோ பெஸ்ட் மேடம்."

நான் மைலேஜ் கேட்டேனா? பிள்ளைகள் இப்படிப் பதில் எழுதினால் முட்டை போடுவேன். போகிறபோது ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு சீட்டையும் நீட்டினாள்.

ஜூலை 27, ஞாயிறு

ரிஜினிடம் கேட்டேன். "நான் அதெல்லாம் மாத்துனதே இல்லம்மா. வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் ஓட்டுனேன்." நாலு வருடம் ஓட்டியவன். எர்ணாகுளத்தில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

வொர்க்‌ஷாப் பிஜுவிடமும் கேட்டேன். "டீச்சரே, ஒரு கொழப்பமும் இல்ல, மெதுவா போனாப் போதும்." இதற்கு நான் டீசல் செலவழித்து ஜங்ஷன் வரை போனேன்.

ஆகஸ்ட் 2, சனி

வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். நானூற்றுச் சொச்சம் பக்கம், ஆங்கிலம். பாட்டுப் பெட்டிக்கு எழுபது பக்கம். மோடுகளுக்கு ஒன்றரைப் பக்கம். அதிலும் 'உற்சாகமான ஓட்டத்திற்கு' என்கிறான். எனக்கு உற்சாகம் வேண்டாம். மலையடியில் முந்தல் வரைக்கும் உயிரோடு இறங்கினால் போதும்.

ஒரு வரி மட்டும் கண்ணில் பட்டது: நீண்ட சரிவுகளில் குறைந்த கியரைப் பயன்படுத்தவும். எப்படி என்றால் வேறு பக்கம் பார்க்கச் சொல்கிறான். அந்தப் பக்கத்தில், கம்பியை டி-யிலிருந்து பக்கவாட்டில் தள்ளு, பின்னால் தட்டினால் ஒரு கியர் குறையும் என்று படம். பக்கவாட்டில்! நான் முன்னும் பின்னும்தான் இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

மூன்றாவது ஊசி இன்று. போகவில்லை.

ஐந்தரைக்கு எழுப்பினேன். கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டார். வண்டி வேண்டாம் என்றால் பஸ்ஸில் போவோம் என்றேன்.

"பஸ்சு டிரைவரு கேப்பான். என்னண்ணே, ஒங்க வீட்டுக்காரம்மா பிரேக்க எரிச்சிருச்சாமேன்னு. என்ன சொல்ல?"

கண்ணு போச்சுன்னா அவன்கிட்ட என்னய்யா சொல்லுவ? அதக் கேக்க மாட்டானா? இதை அவரிடம் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள் என்றார்கள். மத்தியானம் சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார், அது வலது பக்கம் இருந்தது.

கோபம் கோபம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பயம்தான் எனக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிளாஸ்திரியைப் பிய்த்தேன்.

பூசை முடிந்து ஆள் கலைந்தபிறகு மாதா கோவில் சரிவில் பரீட்சை. உச்சியில் இருபதில் தொடங்கி, இரண்டு காலையும் எடுத்துவிட்டு, கீழே சின்னப் பாலம் வரும்போது முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் குறித்தேன். ஈக்கோவில் நாற்பத்தாறு, கடைசியில் பயந்து பிரேக் பிடித்தேன். நார்மலில் நாற்பத்திரண்டு. ஸ்போர்ட்டில் முப்பத்துமூன்று. கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி இரண்டுக்குக் குறைத்தால் இருபத்துமூன்று. எஞ்சின் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக்கே வேண்டாம்.

நம்பாமல் எல்லாவற்றையும் மறுபடி ஒரு தடவை செய்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த செபமாலையம்மாள் எழுந்தே வந்துவிட்டாள். "என்ன டீச்சரு, ஏறி ஏறி எறங்குறிய. மாதாவுக்கு நேர்ச்சையா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இவ்வளவுதானா விஷயம்? முன்பு கியரை நாம் போட்டோம், இப்போது வண்டி போடுகிறது. எந்தக் குணத்தோடு போடட்டும் என்று மட்டும் அந்த வட்டம் கேட்கிறது. ஈக்கோ சீக்கிரம் சீக்கிரம் மேல் கியருக்குப் போய் டீசலை மிச்சம் பிடிக்கும். சமதரையில் நல்லது. இறக்கத்தில் மேல் கியர் வண்டியைப் பிடிக்காது, பாரமெல்லாம் பிரேக் தலையில் விழும். ஸ்போர்ட் கீழ் கியரை லேசில் விடாது. ஏறும்போது இழுக்கும், இறங்கும்போது பிடிக்கும். அதைப் பயல்கள் சமாச்சாரம் என்று நம்ப வைத்தவன் எவனும் மலையில் இறங்கியிருக்க மாட்டான். செங்குத்தான இடத்துக்குக் கம்பியைத் தள்ளி ரெண்டு. ஏறின கியரில் இறங்க வேண்டும். இவர் கல்யாணமான நாளிலிருந்து சொல்வதும் அதுதான்.

இதை இவரிடம் எப்படிச் சொல்வது? பாடம் எடுத்தால் எழுந்து போய்விடுவார். முப்பது வருடமாகத் தெரிந்த ஆள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருவிழா. கொட்டும் மழை. கோவிலுக்கு நடந்தால் சரிவில் வழுக்கும், அவருக்கே தெரியும். முணுமுணுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். போகும்போது நான் ஒன்றும் செய்யவில்லை.

திரும்பும்போது சரிவின் உச்சியில் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி இரண்டு தட்டுத் தட்டினேன். எஞ்சின் முனகியது. இவர் தலையைச் சாய்த்தார்.

"இப்ப எதுல இருக்கு?"

"நீங்களே சொல்லுங்க."

பாதிச் சரிவு வரை கேட்டுக்கொண்டே வந்தார். "ரெண்டு."

"ஆமா."

"எங்க இருந்துச்சு இத்தன நாளும்?"

வீட்டுக்கு வந்ததும் எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுக் கம்பிமேல் கையை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டினேன். நாலைந்து தடவை தானே தள்ளிப் பார்த்தார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

ஐந்து மணிக்கு அவராகவே சட்டை மாட்டிக்கொண்டு திண்ணென்று உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஊசி போட்டாயிற்று. மாதாவே, நன்றி.

ஆனால் வாய்? மெட்டிலிருந்து முந்தல் வரை வாய் ஓயவில்லை. "மூணு. இப்ப ரெண்டு. விடு, தானா எறங்கட்டும். ஹாரன் அடி. ரெண்டுன்னு சொன்னேன்ல." கண் சரியாகத் தெரியாவிட்டால் என்ன, காதால் ஓட்டுகிறார். பதினோராவது வளைவில் மட்டும் பேச்சை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டினார். வாடை இல்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கால் மட்டும் மிதித்துக்கொண்டேதான் இருந்தது.

ஒரு வாரம் ஏன் தள்ளினீர்கள் என்று டாக்டர் திட்டினார். திட்டு எனக்கு. இவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 13, சனி

பரிசோதனை. வலது கண்ணால் எட்டடி தூரத்தில் விரலை எண்ணுகிறார். ஜூனில் கை அசைவதுதான் தெரிந்தது. இதற்குமேல் பெரிதாக ஏறாது, இருப்பதைக் காப்பாற்றுவோம், இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். இவர் முதல் தடவையாக டாக்டர் முகத்தைப் பார்த்து, "சரிங்க" என்றார். "வீட்ல ஓட்டுவாங்க" என்றும் சொன்னார். அந்த 'ங்க' எனக்குத்தானா என்று யோசித்துக்கொண்டே மருந்து வாங்கினேன், மாத்திரையை எண்ண மறந்துவிட்டேன்.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. காலையில் இறங்கும்போது ஏழாவது வளைவுக்குப் பிறகு ரெண்டு, மூணு எதுவும் காதில் விழவில்லை. மறுபடி என்ன கோபமோ என்று திரும்பிப் பார்த்தேன். இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கிக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் இந்த மனிதர் கண் அசந்து நான் பார்த்ததே இல்லை. பளபளத்த அந்த மேட்டில் செருப்பு இரண்டும் மட்டும் கிடந்தன.

மிச்சம் பத்து வளைவுக்கும் நான் ஹாரன் அடிக்கவில்லை. தெரிந்தால் திட்டுவார்.